நுண்ணுயிர் அறிஞர் ஹாஃப்கின்: தொண்டும் துயரும்

பாலாற்றங்கரை ஊர்களில் வாழ்ந்த பழைய தலைமுறையினர் காலத்தை எண்களால் குறிப்பது அரிது. 1903இல் பாலாறு கரைபுரண்டு வாணியம்பாடியைச் சூறையாடிய ஆண்டினை அவர்கள் வெள்ளம் வந்த வருடம் என்றனர். கொள்ளைநோய்க்கு அஞ்சி வீட்டைப் பூட்டிவிட்டுத் தோப்புகளில் குடிசை போட்டுத் தங்கிய காலத்தைப் பிளேக் வந்த வருடம் என்றனர். பிள்ளைகளின் வயதும் பெரியோரின் மறைவும் இவ்வாறே கணக்கிடப்பட்டன. பிளேக், வாந்திபேதி, கக்குவான், தொண்டை அடைப்பான் ஆகிய சொற்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தையின் பெயரோடு சேர்த்து நினைக்கப்பட்ட காலம் அது.

இன்றைய மாணவர்களுக்கு இச்சொற்களிற் பல அகராதிச் சொற்களாகிவிட்டன. அவ்வாறு ஆனதற்குக் காரணமான பெருமக்கள் பலர். ஜென்னரையும் பாஸ்டரையும் பாடநூல்கள் நமக்கு அறிமுகம் செய்துள்ளன. ஆயின் தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளை நம் நாட்டிலேயே கழித்து, நம் மக்களுக்காகவே உழைத்து, அவ்வுழைப்பிற்குப் பரிசாகப் பெரும் பழியையும் சுமந்த ஓர் அறிஞரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. அவர் வால்டெமர் ஹாஃப்கின். மும்பை நகரில் அவர் பெயரால் ஒரு நிலையம் விளங்குகிறது. 1964இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டது. அவர் செய்த தொண்டினை மட்டுமன்றி அவர் அடைந்த துயரினையும் அறிவது, குழந்தையைத் தோளிற் சுமந்து தடுப்பூசிக்குச் செல்லும் ஒவ்வொரு பெற்றோருக்கும் பயன்தரும் என்பதால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் கருங்கடற் கரையிலுள்ள ஒடெஸ்ஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். இன்று உக்ரைன் நாட்டிலுள்ள அந்நகர் அன்று ருஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றபோது அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் இலியா மெச்னிகோவ். உடலுக்குள் புகும் கிருமிகளை வெள்ளணுக்கள் விழுங்கி அழிக்கின்றன என்று கண்டறிந்து, பின்னாளில் 1908இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். நல்லாசிரியர் வாய்ப்பது மாணவனின் பெரும்பேறு என்பதற்கு ஹாஃப்கினின் வாழ்வு சான்றாகும்.

ருஷ்யாவில் யூதர்கள் அக்காலத்தில் பெருந்துன்பத்திற்கு ஆளாயினர். 1881இல் ஒடெஸ்ஸாவில் அவர்கள்மீது கலவரக் கும்பல் பாய்ந்தபோது, தம் மக்களைக் காக்க முன்னின்ற இளைஞர்களுள் ஹாஃப்கினும் ஒருவர். அதில் காயமுற்ற அவர் சிறைப்படவும் நேர்ந்தது; ஆசிரியர் மெச்னிகோவ் தலையிட்டதால் விடுதலை பெற்றார். பட்டம் பெற்ற பின்னரும் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி கிடைக்க வேண்டுமானால் தம் சமயத்தைத் துறந்து அரசின் சமயத்தைத் தழுவ வேண்டும் என்ற நிலை இருந்தது. அவர் அதற்கு இசையவில்லை. பதவியை விட்டார், நெறியை விடவில்லை. நகர அருங்காட்சியகத்தில் விலங்கியல் பணியில் சில ஆண்டுகளைக் கழித்தபின் 1888இல் பிறந்த மண்ணை விட்டு சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்குச் சென்றார்.

பாஸ்டர் நிலையத்தில்

கால்நடைகளைக் கொன்று, தோலையும் மயிரையும் கையாளும் மனிதரையும் தாக்கும் அடைப்பான் நோயைப் பற்றித் தோல் தொழில் நடைபெறும் நம் வட்டாரத்தாருக்கு விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. அந்நோய்க்கிருமியை வலுவிழக்கச் செய்து, அதனையே ஆடுகளின் உடலிற் செலுத்தி, அவை நோயின்றித் தப்புவதை 1881இல் ஊரறியக் காட்டியவர் லூயி பாஸ்டர். நோயை உண்டாக்கும் கிருமியையே நோயைத் தடுக்கும் மருந்தாக்கலாம் என்னும் அவ்வுண்மை உலகை வியக்க வைத்தது. அவர் பெயரால் பாரிஸ் நகரில் எழுந்த நிலையத்தில் மெச்னிகோவ் பணியேற்றிருந்தார். தம் ஆசிரியரை நாடி 1889இல் அங்குச் சென்ற ஹாஃப்கினுக்குக் கிடைத்ததோ நூலகப் பொறுப்பு. அவர் அதனைத் தாழ்வாக எண்ணவில்லை. நூலகப் பணி முடிந்த பின் எஞ்சிய நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு வாந்திபேதி எனப்படும் காலராவைப் பற்றியது. அந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் தனியே பிரித்து அறிந்திருந்தார். ஆயினும் தடுப்பு மருந்து எதுவும் நிலைபெறவில்லை. ஹாஃப்கின் அக்கிருமியைச் சீமைப்பெருச்சாளிகளின் உடலில் அடுத்தடுத்துச் செலுத்தி அதன் வீரியத்தை மிகுவித்தார். மற்றொரு முறையால் வீரியத்தைக் குறைக்கவும் செய்தார். முதலில் வலுக்குறைந்த கிருமியையும் சில நாள் கழித்து வலுமிகுந்த கிருமியையும் செலுத்தினால் விலங்குகள் நோயினின்று தப்பின. மனிதருக்கு அது தீங்கு செய்யாதா என்னும் வினா எழுந்தது. அதற்கு விடைகாண அவர் வேறொருவரைத் தேடவில்லை. 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் தம் உடலிலேயே அதனைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டன. சில நாட்களில் நலம்பெற்றார். பின்னரே நண்பர் சிலருக்குச் செலுத்தினார்.

கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில்

மருந்து ஆயத்தமாயிற்று. அதனைப் பயன்படுத்திப் பார்க்க நோய் மிகுந்த நாடு வேண்டும். முன்னர் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்து அப்போது பாரிஸில் ஆங்கிலத் தூதராக விளங்கிய டஃபரின் பிரபு, இந்தியாவிற்குச் செல்லுமாறு வழிகாட்டினார். ஹாஃப்கின் 1893இல் கல்கத்தா வந்திறங்கினார். ஆக்ரா தொடங்கி வடஇந்தியாவின் பல ஊர்களுக்கும் படைவீடுகளுக்கும் சென்று, விரும்பி முன்வந்தோர்க்கெல்லாம் ஊசி செலுத்தினார். இரண்டாண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டனர்.

ஆயினும் ஊசி போட்டவர் ஓரிடத்தும் நோய் கண்டவர் வேறிடத்துமாக இருந்தால் மருந்தின் பயனை எவ்வாறு உறுதிசெய்வது? அதற்கான வாய்ப்பு 1894இல் கல்கத்தாவில் அமைந்தது. நகரின் சுகாதார அதிகாரி சிம்ப்சன் அவரைக் குடிசைப் பகுதி ஒன்றிற்கு அழைத்தார். ஏறத்தாழ இருநூறு பேர் ஒரே குளத்து நீரைப் பயன்படுத்தி வாழ்ந்த அவ்விடத்தில் காலரா தலைகாட்டியிருந்தது. அவர்களுள் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அங்குப் பத்துப் பேருக்கு நோய் கண்டது, எழுவர் இறந்தனர். அப்பத்துப் பேரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். ஒரே குளம், ஒரே உணவு, ஒரே வறுமை. வேற்றுமை ஊசி ஒன்றே. ஒத்த நிலையில் உள்ளோரை இரு பிரிவாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் இம்முறையை ஹாஃப்கின் தம் பணி முழுவதிலும் கைக்கொண்டார். தடுப்பு மருந்துகளின் பயனை அளந்தறியும் இன்றைய முறைக்கு இது ஒரு முன்னோடி எனலாம்.

ஓயாத அலைச்சலால் மலேரியா அவரைப் பற்றியது. 1895இல் ஐரோப்பாவிற்குத் திரும்பியவர், உடல் தேறியதும் 1896இல் மீண்டும் இந்தியா வந்தார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே பணியைத் தொடர்ந்தார். அப்போதுதான் பம்பாயிலிருந்து கொடிய செய்தி வந்தது.

பம்பாயில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் பிளேக் தோன்றியது. எலிகள் செத்து விழுந்தன. பின் மனிதர் விழுந்தனர். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டி, கடுங்காய்ச்சலுற்றுச் சில நாட்களில் இறந்தனர். நகரைவிட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அவர்களோடு நோயும் பயணம் செய்தது. 1898இல் அது பெங்களூரை அடைந்தது. பெங்களூர், சென்னை இரயில் பாதை நம் ஊர்களின் வழியாகவே செல்கின்றது. நோய்ப்பகுதியிலிருந்து வருவோர்க்குப் பிளேக் பாஸ்போர்ட் வழங்கிக் கண்காணிக்கும் முறையைச் சென்னை மாகாண அரசு கொண்டுவந்தது. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரோடு கோயில் விளங்குவது அக்காலத்து அச்சத்தின் எச்சமாகும். இந்தியாவில் அந்நோய் இருபத்தைந்து ஆண்டுகளுள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது.

அரசின் அழைப்பினை ஏற்று 1896 அக்டோபரில் பம்பாய் வந்த ஹாஃப்கினுக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிற்றறையும் தாழ்வாரமும் ஒதுக்கப்பட்டன. உதவிக்கு ஓர் எழுத்தரும் பயிற்சியில்லாத ஏவலர் சிலருமே இருந்தனர். அங்கிருந்தே அவர் மூன்று திங்களில் பிளேக்கிற்குத் தடுப்பு மருந்து கண்டார்.

அவர் கண்ட முறை நம் சமையலறைப் பொருள்களோடு தொடர்புடையது என்பது சுவையான செய்தியாகும். கிருமிகள் வளர இறைச்சிச் சாறு வேண்டும். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இந்நாட்டு மக்களின் சமய உணர்வைப் புண்படுத்தும் என்று உணர்ந்து அவர் ஆட்டிறைச்சிச் சாற்றைப் பயன்படுத்தினார். அச்சாற்றின்மேல் சிறிது நெய்யை மிதக்கவிட்டார். நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுகள்போற் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தன. பாத்திரத்தை அசைத்தால் விழுதுகள் உதிர்ந்து மீண்டும் புதியன வளர்ந்தன. ஏறத்தாழ ஆறு வாரங்கள் இவ்வாறு பெருகவிட்டு, பின் சூடேற்றிக் கிருமிகளை முற்றும் கொன்றார். கெடாதிருக்கக் கார்பாலிக் அமிலத்தைச் சிறிது சேர்த்தார். உயிருள்ள கிருமி எதுவும் அதில் இல்லை. இறந்த கிருமியின் உடலைக் கண்டே மனித உடல் தற்காப்பைக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கருத்து.

1897 ஜனவரி 10ஆம் நாள், இம்மருந்தினையும் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பின்னர்ப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்ட அளவினும் மிகுதியான அளவு அது. அத்திங்களின் இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊசி போட்டுக்கொண்டனர். முன்னரே நோய் கண்டிருந்த சிலர் நீங்கலாக, போட்டுக்கொண்டவருள் இருவருக்கே நோய் கண்டது, அவர்கள் பிழைத்தனர். போட்டுக்கொள்ளாதவருள் பன்னிருவருக்கு நோய் கண்டது, அறுவர் இறந்தனர். சிறைப்பட்டோரை இத்தகைய சோதனைக்கு உட்படுத்துவது இன்றைய மருத்துவ அறத்திற்கு ஒவ்வாது என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும்.

மக்களின் அச்சமும் ஆகா கானின் முன்மாதிரியும்

மருந்து கண்டால் மட்டும் போதுமா? மக்கள் ஏற்க வேண்டுமே! பிளேக்கை ஒடுக்க அரசு எடுத்த நடவடிக்கைகள் கடுமையானவை. படைவீரர்கள் வீடுகளுக்குள் நுழைந்தனர். நோயாளிகளை வலிந்து அகற்றினர். பெண்களைப் பிற ஆடவர் சோதித்தனர். 1897 ஜூன் திங்களில் புனே நகரில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதும், 1898 மார்ச் திங்களில் பம்பாய் முஸ்லிம் நெசவாளர்கள் வாழ்ந்த பகுதியில் கலவரம் வெடித்ததும் இக்கடுமையின் விளைவுகளே. அரசின்மீது கொண்ட ஐயம் அரசின் ஊசியின்மீதும் படிந்தது இயல்பே. மக்களை அறியாதவர் என்று பழிப்பது எளிது. அவர்தம் மானத்தைப் புண்படுத்திய கைகளே மருந்தையும் நீட்டினால் அவர்கள் எவ்வாறு நம்புவர் என்று எண்ணிப் பார்ப்பதே நேர்மை.

இச்சூழலில் இஸ்மாயிலி கோஜா சமூகத்தின் தலைவராகிய மூன்றாம் ஆகா கான் செய்த செயல் போற்றத்தக்கது. 1877இற் பிறந்த அவர் அப்போது இருபது வயதளவினர். ஹாஃப்கினின் ஆய்வுக்கூடம் இயங்கத் தம் மாளிகை ஒன்றை வழங்கினார். அதனினும் மேலாக, தம் மக்கள் காணப் பலர் நடுவே தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஏவலால் முடியாததை எடுத்துக்காட்டு முடித்தது. கோஜா சமூகத்தினருள் பல்லாயிரவர் அவரைப் பின்பற்றினர். வேற்று நாட்டு யூத அறிஞர் ஒருவரின் கையிலிருந்த ஊசியை முஸ்லிம் தலைவர் ஒருவர் நம்பி ஏற்றார். அந்நம்பிக்கை பல குடும்பங்களைக் காத்தது. அறிவுக்குச் சமய எல்லை இல்லை என்பதை மேடையிற் சொல்வதினும் இவ்வாறு செய்து காட்டுவதே சிறப்பு.

1899 ஆகஸ்டில் ஆய்வுக்கூடம் பரேல் பகுதியிலிருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது. அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் மருந்துப் புட்டிகள் சென்றன. நாற்பது வயதிற்குள் ஹாஃப்கின் உலகப் புகழ் பெற்றார்.

முல்கோவால்

புகழின் உச்சியிலிருந்த அவரைப் படுகுழியில் வீழ்த்தியது ஒரே ஒரு புட்டி. 1902இல் பஞ்சாப் மாகாணத்தில் பிளேக் பெருகியது. மாகாண அரசு மிகப்பெரும் அளவில் மருந்து கேட்டது. விரைவாகவும் மிகுதியாகவும் தயாரிக்க வேண்டி, கார்பாலிக் அமிலத்தைத் தவிர்த்துச் சூட்டினால் மட்டுமே கிருமிகளைக் கொல்லும் முறையை ஹாஃப்கின் மேற்கொண்டார். பாஸ்டர் நிலையம் அறிந்து ஏற்ற முறைதான் அது.

அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அதற்கு ஐந்து புட்டிகள் பயன்பட்டன. ஒரு வாரம் கழிந்தது. ஊசி போட்டுக்கொண்டோருள் 19 பேருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லாக வளைந்தது. இரணசன்னி என்னும் கொடிய நோய் அது. பத்தொன்பதின்மரும் இறந்தனர். அவர்கள் அனைவரும் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள். மற்ற நான்கு புட்டிகளிலிருந்து பெற்றவர் எவருக்கும் தீங்கு நேரவில்லை.

நலம் நாடிக் கைநீட்டிய பத்தொன்பது எளிய மக்கள் மாண்டனர் என்பது எவ்வகையாலும் மறைக்கவோ குறைக்கவோ இயலாத பெருந்துயரம். யார் காரணம் என்று அறிய அரசு ஆணையம் அமைத்தது. ஆய்வுக்கூடத்திலேயே புட்டியில் நச்சுக்கிருமி புகுந்திருக்க வேண்டும் என்றும், கார்பாலிக் அமிலத்தை விலக்கியது பிழை என்றும் ஆணையம் கருதியது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். இந்தியாவை விட்டு அவர் இங்கிலாந்து செல்ல நேர்ந்தது. லட்சக்கணக்கானோருக்கு மருந்தளித்த கை, பத்தொன்பது பேரைக் கொன்ற கை என்று தூற்றப்பட்டது.

உண்மை வெளிப்பட்டது

விசாரணையிலேயே ஒரு செய்தி பதிவாகியிருந்தது. முல்கோவாலில் அப்புட்டியைத் திறக்கும்போது தக்கையைப் பிடுங்கும் இடுக்கி தரையில் விழுந்தது. அதனைத் தீயிற் காட்டித் தூய்மை செய்யாமல், மருந்து நீரில் நனைத்தெடுத்து மீண்டும் பயன்படுத்திவிட்டனர். இரணசன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணில் வாழ்பவை; எளிதில் அழியாதவை. மண்ணிற் பட்ட இடுக்கி தக்கையைத் தொட்டது. தக்கை மருந்தைத் தொட்டது. இவ்வளவு தெளிவான செய்திக்கு உரிய இடம் தரப்படவில்லை.

ஹாஃப்கின் சோர்ந்து அமரவில்லை. உண்மையை நிறுவ ஆண்டுக்கணக்கில் எழுதினார், வாதிட்டார். லிஸ்டர் நிலையத்தார் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்தனர். மலேரியா கொசுவினாற் பரவுவதை நம் நாட்டிலிருந்தே கண்டறிந்து 1902இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் அவருக்காக முன்வந்தார். கல்கத்தாவில் உடனிருந்த சிம்ப்சனும் துணைநின்றார். 1907 ஜூலையில் அறிவியலார் பதின்மர் கையொப்பமிட்ட மடல் லண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அவர்கள் காட்டிய காரணங்கள் எளியவை, எவரும் புரிந்துகொள்ளத்தக்கவை. பம்பாயில் நிரப்பப்பட்டு முல்கோவாலில் திறக்கப்படும் முன் அப்புட்டி நாற்பது நாட்களுக்கு மேல் மூடியே இருந்தது. நிரப்பும்போதே இரணசன்னிக் கிருமி புகுந்திருந்தால் அவ்வளவு நாளில் அது பெருகி மருந்தில் நாற்றத்தை உண்டாக்கியிருக்கும். நஞ்சு நிறைந்த அம்மருந்து ஒரு வாரம் காத்திராமல் விரைந்தே கொன்றிருக்கும். திறந்தபோது நாற்றம் எதுவும் இல்லை. நோய் வெளிப்பட ஒரு வாரம் ஆயிற்று. ஆகவே, கிருமி புகுந்தது திறந்த அன்றுதான்.

1907 நவம்பரில் அரசு அவரைக் குற்றமற்றவர் என ஏற்று மீண்டும் பணிக்கு அழைத்தது. பழி நீங்க ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆயின. எந்தக் குற்றமும் செய்யாத யூதப் படைத்தலைவர் டிரைஃபஸைப் பிரெஞ்சு நாடு தண்டித்த கொடுமையோடு இதனை ஒப்பிட்டு, சிறிய டிரைஃபஸ் வழக்கு என்று சொல்வாரும் உளர்.

இறுதி ஆண்டுகள்

மீண்டும் இந்தியா வந்த ஹாஃப்கினுக்குப் பரேல் நிலையத்தின் தலைமை கிடைக்கவில்லை. அவ்விடம் வேறொருவருக்குச் சென்றிருந்தது. கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடம் தரப்பட்டது. ஆயின் மனிதருக்குச் செலுத்தும் மருந்தைச் சோதிக்க அவர் அனுமதிக்கப்படவில்லை. குற்றமற்றவர் என்று தாளில் எழுதிய அரசு மனத்தில் எழுதவில்லை போலும். ஊர் ஊராகச் சென்று மக்களிடையே உழைத்தவர் நான்கு சுவர்களுக்குள் அடங்கினார். முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தில் ஓய்வுபெற்று இந்தியாவை விட்டுச் சென்றார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் தம் சமய ஒழுக்கத்தைப் பேணி, பாரிஸிலும் பின்னர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் வாழ்ந்தார். கிழக்கு ஐரோப்பாவில் யூத மாணவர்களின் கல்விக்காக 1929இல் ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1930 அக்டோபர் 26ஆம் நாள் லோசானில் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1925இல், பரேல் ஆய்வுக்கூடத்திற்கு ஹாஃப்கின் நிலையம் எனப் பெயர் சூட்டப்பட்டது. பதவி மறுத்த இடம் பெயரை ஏற்றது.

குழந்தைகளுக்குக் கிடைத்த வழி

ஹாஃப்கின் கண்ட மருந்து குறையற்றது என்று கூறுவது மிகையாகும். அது நெறிகட்டும் பிளேக்கின் இறப்பைப் பெரிதும் குறைத்தது. மூச்சின் வழியே பரவி நுரையீரலைத் தாக்கும் பிளேக்கின்முன் அது பயன்படவில்லை. பிற்காலத்தில் உயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின் அதன் தேவையும் குறைந்தது. ஆனால், சூட்டினாலோ வேறு முறையாலோ கொல்லப்பட்ட முழுக்கிருமியே மனிதருக்குக் காப்பாகும் என்று அவர் பெருமக்கள் கூட்டத்தில் செயல்படுத்திக் காட்டிய வழி அழியவில்லை. ஆல்ம்ராத் ரைட் குடற்காய்ச்சலுக்கு ஊசி கண்டது அவ்வழியிலேதான். 1930களில் அமெரிக்காவில் பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டெரிங் என்னும் இரு பெண்மணிகள் குழந்தைகளின் மூச்சை முறிக்கும் கக்குவான் இருமலுக்குப் பயனுள்ள ஊசியை உருவாக்கியதும் அவ்வழியிலேதான்.

அக்கக்குவான் ஊசியே தொண்டை அடைப்பான், இரணசன்னி ஆகியவற்றின் ஊசியோடு இணைந்து முத்தடுப்பு ஊசியாயிற்று. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதன்முதலாக அது ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியாக விரிந்தது. கல்லீரலைத் தாக்கும் ஒரு நோயும், குழந்தைகளுக்கு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் விளைக்கும் ஒரு பாக்டீரியாவும் அதனாற் சேர்த்துத் தடுக்கப்பட்டன. 2021இல் நிமோனியாவிற்குக் காரணமான மற்றொரு பாக்டீரியாவுக்குரிய ஊசியும் நம் மாநிலத்தின் பொதுத் திட்டத்திற் சேர்ந்தது. பிறந்து ஆறாம் வாரத்தில் நம் குழந்தையின் தொடையில் இறங்கும் ஊசிக்குப் பின்னே, நெய்த்துளியில் கிருமிவிழுது வளர்த்த அந்த மனிதரின் உழைப்பும் நிற்கின்றது. ஊசி போட்ட இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அன்னையர் அஞ்சுகின்றனர். தம் உடலில் ஊசி செலுத்திக்கொண்ட ஹாஃப்கினுக்கும் அன்று காய்ச்சல் கண்டது. உடல் தன் காவலை அமைத்துக்கொள்ளும்போது பெரும்பாலும் தோன்றி மறையும் அறிகுறி அது.

முல்கோவாலின் பாடமும் வீண்போகவில்லை. இன்றைய மருந்துப் புட்டிக்குத் தக்கையும் இல்லை, இடுக்கியும் வேண்டுவதில்லை. ரப்பர் மூடியின் வழியே ஊசி இறங்குகின்றது. ஒருவருக்குப் பயன்பட்ட ஊசிக்குழல் மற்றொருவருக்குப் பயன்படுவதில்லை. அப்பத்தொன்பது பேரைக் கொன்ற இரணசன்னி, பிறந்த குழந்தைகளைக் கொல்லும் நோயாக நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. தாய்மார்களுக்கு இட்ட தடுப்பூசியாலும் தூய மகப்பேற்றாலும் அது ஒழிக்கப்பட்ட நிலையை இந்தியா எய்தியதாக 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் உறுதிசெய்தது.

ஹாஃப்கினின் வாழ்வு நமக்கு இரண்டு கடமைகளை உணர்த்துகின்றது. மருந்தைக் கையாள்வோர் கடைசி இடுக்கி வரை கவனமாக இருத்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஆறு வாரம் காத்த தூய்மையை ஊர் நடுவே ஒரு நொடி கெடுத்துவிடும். ஏதேனும் தீங்கு நேர்ந்தால் அதனை மறைக்காது ஆராய வேண்டும். ஆராயும் முன் ஒருவர்மேல் பழி சுமத்துதலும் ஆகாது. மற்றொரு கடமை நம்முடையது. ஒரு புட்டியின் பிழையைக் கேட்டு எல்லாப் புட்டிகளையும் வெறுத்தால் இழப்பு நம் குழந்தைகளுக்கே. ஐயம் எழுந்தால் கேட்க வேண்டும். விடை பெற வேண்டும். பெற்றபின் கைநீட்ட வேண்டும். நம் கல்லூரியிலிருந்து ஆசிரியராகவும் செவிலியராகவும் மருந்தாளுநராகவும் பெற்றோராகவும் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்கள் தத்தம் தெருவில் ஒரு தாயின் ஐயத்தைப் பொறுமையோடு தீர்த்து வைப்பாராயின், அதுவே லோசானில் தனித்து மறைந்த அவ்வறிஞருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.